கைப்படம்

முப்பது வருஷம் பேருந்தில் நடத்துனராக இருந்தவன் நான். "சீட்டு எடுத்தேன், எங்கியோ விழுந்துருச்சு" என்பவன் முகத்தைப் பார்த்தே, எடுத்தானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் அன்றைக்குப் பொட்டலக்காரியோடு நானும் கிளம்பினேன். சும்மா வீட்டில் கிடந்திருக்கலாம்.

பொட்டலக்காரி எங்கள் மாடியில் குடியிருக்கிறவள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; தெருவுக்கு அது தேவைப்படவில்லை. ஆன்லைனில் ஆட்கள் வாங்குகிற சாமான்களை வண்டியில் கட்டிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுப்பது அவள் வேலை. புருஷன் பெயிண்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தான், இடுப்பு பிழைக்கவில்லை. அதிலிருந்து கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்தான் அவன் நடமாட்டம். அவன் விழுந்த மாதமே அவள் அவனுடைய வண்டியை எடுத்து ஓட்டப் பழகினாள். பழகும்போது ஒரு தடவை என் வீட்டுக் கதவில் வந்து முட்டினாள். "கதவு நல்லா இருக்கா அண்ணே?" என்று கேட்டாளே தவிர, தன் முழங்காலைப் பார்க்கவில்லை.

காலை ஆறரைக்கெல்லாம் கோடவுனில் நிற்பாள். எண்பது, தொண்ணூறு பொட்டலம் அவள் பங்குக்கு வரும். எடுத்ததும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட முடியாது. கடைசியில் போகிற தெரு அடியில், முதலில் போகிற தெரு மேலே, கனமானது வண்டியின் முன்பக்கம், உடைகிற சாமான் அவள் மடியில். ஒவ்வொன்றிலும் தடித்த பேனாவால் வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதிக்கொள்வாள். வெயிலில் கண் இருட்டும்போது அச்சிட்ட பொடி எழுத்து தெரியாதாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதல் வேலை, சுவரோரம் காலை நீட்டிப் போட்டு உட்காருவதுதான். அப்போது யாரும் அவளிடம் பேசக் கூடாது. பெயிண்டர் பேச மாட்டான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் டீ போடுவான்.

வேலையை விட வழக்குதான் பெரிய பாடு. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வருவாள். இரண்டு நாள் கழித்து "எனக்கு வரவே இல்லை" என்று ஒருவன் புகார் தட்டிவிடுவான். சிலர் நிஜமாகவே வாங்கியதை மறந்திருப்பார்கள். சிலருக்குப் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருப்பார்கள். சிலர் பச்சையாகப் புளுகுவார்கள். கம்பெனிக்கு மூன்றும் ஒன்றுதான். வாங்கினவருக்கு உடனே வேறொன்று அனுப்பிவிடுவார்கள். விசாரணை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு. ஆறு மாதத்தில் மூன்று புகார் தீராமல் நின்றுவிட்டால் ஐடியை முடக்கிவிடுவார்கள். அதோடு வேலை போயிற்று.

வாசலில் பெட்டியை வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. முதல் புகார் வந்தபோது அந்தப் போட்டோவைக் காட்டினாள். "தரையில் கிடக்கிற பெட்டி யார் கைக்குப் போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். அன்றையிலிருந்து சொந்தப் போனில் இன்னொரு படமும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். "கையில வாங்கறப்போ ஒண்ணு எடுத்துக்கறேங்க, முகம் வராது" என்பாள். பெட்டியும் அதை வாங்குகிற கையும் மட்டும். கைப்படம் என்று அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர். அவள் எடுக்கிற படம் எல்லாம் தானாகவே பெயிண்டரின் போனுக்கும் வந்துவிடும். அவனுக்குப் பொழுதுபோக்கே அதுதான்.

"அண்ணே, இந்தக் கையப் பாருங்க. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்திருக்கு. இது மெக்கானிக். இது, சோம்பேறிக் கை, ஒரு வேலையும் செய்யாது."

"எப்படிடா சொல்றே?"

"என் கை மாதிரியே இருக்கே" என்பான். சிரிப்பான். நமக்குத்தான் சிரிப்பு வராது.

இரண்டாவது புகார் ஒரு காவல்காரர் வாங்கி வைத்து மறந்துபோனதால் வந்தது. படத்தில் இருப்பது வீட்டுக்காரர் கை இல்லை என்று அதுவும் அவள் தலையில்தான் விழுந்தது. மூன்றாவது ஒரு புதன்கிழமை வந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்று, நாலாவது மாடி வீடு, 'பொருள் கிடைக்கவில்லை.' விசாரணை முடியும்வரை லோடு கிடையாது. ஆதாரம் இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பு என்று கோடவுன் மேலாளர் செய்தி போட்டிருந்தார்.

பெயிண்டர் துளிக்கூடப் பதறவில்லை. போனைத் தடவித் தடவி அந்தக் கைப்படத்தைக் கண்டுபிடித்துவிட்டான். பெண் கை. மெலிந்த மணிக்கட்டில் ஒரு மஞ்சள் ரப்பர் பேண்ட். நடுவிரல் ஓரத்தில் நீல மை.

"மாட்டினாங்க பாரு! வாங்கிட்டு வாங்கலைன்னா சொல்றாங்க? அனுப்புடி இத."

"முதல்ல நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுடறேங்க" என்றாள் அவள். "அவங்களே 'வந்துருச்சு'ன்னு ஒரு தட்டு தட்டிட்டா புகாரே அழிஞ்சுரும். ஆதாரம் அனுப்பினா இழுத்துக்கிட்டே கிடப்பாங்க."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன். பொய் சொன்னா அண்ணனுக்குத் தெரிஞ்சிரும்ல?"

இதைக் கேட்டதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. வியாழக்கிழமை காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, லோடு இல்லாத அந்த வண்டியில் நானே ஒரு பொட்டலமாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. "இதை நீ தினம் எத்தனை தடவை ஏறுறே?" என்றேன். "எண்ணினா ஏற முடியாது அண்ணே" என்றாள்.

கதவைத் திறந்தவன் நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, ஒழுங்காக வாரிய தலை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, மின்விசிறியும் போட்டான். இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

"உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல சிஸ்டர். ஆனா வரலைன்னா வரலைன்னுதானே சொல்ல முடியும்? வேற ஒண்ணு அனுப்பறோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு வருதாம்."

அவன் கண்ணைப் பார்த்தேன். பொய் இல்லை. சத்தியமாக அவன் பொய் சொல்லவில்லை.

"வீட்டுல வேற யாராவது வாங்கி வெச்சிருப்பாங்களோ என்னவோ" என்றாள் பொட்டலக்காரி. போன் அவள் கையில் தயாராக இருந்தது.

"வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். பகல்ல இவ மட்டும்தான் இருப்பா. இவ வெளிய எங்கயும் போறதில்ல. போனா அதுல இருக்கும்."

'அதுல' என்று அவன் காட்டியது கதவுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கிய ஒரு நோட்டு. எழுந்துபோய்ப் பார்த்தேன். கட்டம் போட்டு எழுதியிருந்தது. கடை, 10.20 முதல் 10.45. மாடியில் துணி, 11.05 முதல் 11.15. பால், 4.30, கதவு திறந்து மூட இரண்டு நிமிஷம். நாங்கள் பேருந்து எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று எழுதுவோமே, அந்தத் தாள் மாதிரியே இருந்தது. ஒரு மனுஷியின் நாளை இப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

"நல்ல பழக்கம் சார்" என்றான். "யாரு எப்ப வந்தா, எப்ப போனான்னு தெரியும்ல? பாதுகாப்பு."

அப்போது அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டில் இரண்டு டம்ளர். மணிக்கட்டில் மஞ்சள் ரப்பர் பேண்ட், விரல் ஓரத்தில் நீல மை. பொட்டலக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தட்டில்தான் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

'காட்டு, காட்டு' என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். "சரிங்க சார், வேற எங்கயாவது மாறிப் போயிருக்கும், தேடிப் பாக்கறேன்" என்று எழுந்துவிட்டாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பின்னால் செருப்பில்லாத காலடி கேட்டது. அந்தப் பெண்தான். கையில் குப்பை வாளி.

"அக்கா, நில்லுங்க. குப்பை கொட்டற நேரம் ரெண்டு நிமிஷம்தான்" என்றாள். பேச்சு ஓட்டமாக வந்தது. "நான்தான் வாங்கினேன். உங்களுக்கே தெரியும். குப்பை வண்டியில போட்டுட்டேன்."

"ஏம்மா? கடிகாரம்தானே?"

"கடிகாரம்தான். நடுவுல கண்ணு வெச்சது. கேமரா. கூடத்துல மாட்டிட்டு ஆபீஸ்ல இருந்தே பாக்கலாம். சாதாரண கடிகாரம்னு என்கிட்ட சொன்னாரு. பிரிச்சுப் பாத்தேன்."

"மாட்டினா மாட்டிட்டுப் போறான். நீ தப்பு பண்ணாம இருந்தா உனக்கென்ன?" என்று கேட்டவன் நான்தான். வேறு யார் கேட்பார்கள் இப்படி.

அவள் என்னைப் பார்க்காமல் பொட்டலக்காரியிடமே சொன்னாள். "ரத்தம் பரிசோதனை பண்ற வேலைக்குப் படிக்கிறேன் அக்கா. அவரு போனதும் கிளம்பி ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன். நோட்டுல நானே எழுதணும், பொய்யா எழுதறேன். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அது முடிஞ்சா ஒரு இடத்துல வேலை, தங்க இடம், எல்லாம் பேசி வெச்சிருக்கேன். அதுவரைக்கும் அந்தக் கண்ணு வராம இருந்தா போதும்னு நெனச்சேன். உங்களுக்குக் கேள்வி வரும்னு எனக்குத் தோணவே இல்ல."

பொட்டலக்காரியின் கை சட்டைப் பையில் இருந்த போனின் மேல் போனது.

"என் கை போட்டோல இருக்கில்ல?"

"இருக்கு."

"அனுப்புவீங்களா?"

"எனக்கும் வீட்டுல ஒரு ஆளு படுத்துக் கிடக்காரும்மா" என்றாள் பொட்டலக்காரி. கோபமில்லை, அழுகையில்லை, களைப்பாகச் சொன்னாள். "இந்த வேலை போச்சுன்னா எங்க வீட்டுல அடுப்புக்கே வேலை இல்ல."

"புரியுது அக்கா. உங்களக் கேக்க எனக்கு என்ன உரிமை." வாளியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். நாங்கள் இறங்கி முடிப்பதற்குள் எங்களைத் தாண்டி மேலே போய்விட்டாள்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். "அனுப்பிரு. ஊர்ல எத்தனையோ பேரு எத்தனையோ கஷ்டத்துல இருக்காங்க. எல்லாத்தையும் நாம தலையில தூக்கி வெச்சுக்க முடியுமா? உன் குடும்பத்தப் பாரு." அவள் உம் கொட்டிக்கொண்டே ஓட்டினாள். இதைச் சொன்னதற்காக எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி வாக்கில் தூறல் போட்டது. உலர்த்திய துணியை எடுக்கப் போனபோது மாடியில் பெயிண்டர் கத்துவது கேட்டது. அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. "அண்ணே, மேல வாங்க! வந்து நீங்களே கேளுங்க!" என்றான். ஏறிப் போனேன். சோறு வடித்து, முட்டை பொரித்து, மூடி வைத்திருந்தது. யாரும் தொடவில்லை. அவள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். லோடு தூக்காத நாளிலும் அதே களைப்பு.

"அனுப்பினியான்னு கேட்டா படம் அழிஞ்சுருச்சுங்கறா. என் போன்ல இருக்கே! யார்கிட்ட காது குத்தறா? அந்த வீட்டுல என்ன நடந்துச்சு?"

நான் அவளைப் பார்த்தேன். அவளே சொன்னாள், ஒன்று விடாமல். நோட்டு, கடிகாரம், பரீட்சை எல்லாம். பெயிண்டர் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும் குரல் இறங்கியது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

"நான் விழுந்தப்போ எவ வந்தா? எவன் வந்து ஒரு வேளை சோறு போட்டான்? இந்த அண்ணன் வீட்டத் தவிர யாரு எட்டிப் பாத்தா? சொல்லு."

"யாரும் இல்ல."

"அப்ப அவளுக்கு நாம ஏன் சாகணும்?"

"சாக வேணாம். வேற வேலை தேடறேன்."

"எங்க? ரெண்டு வருஷம் முன்னாடி எத்தனை கதவு தட்டினே? மறந்துட்டியா? நான் மறக்கல. படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன்ல."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு அந்தப் பொண்ணு யாருங்க? ஒரு டம்ளர் தண்ணி குடுத்தா, அவ்வளவுதான். என்னால முடியும்னா அனுப்பியிருக்க மாட்டேனா? நேத்து ராத்திரி எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பாத்தேன். அந்தக் கையக் காட்டிக் குடுத்துட்டுத் தின்னா எனக்குச் சோறு இறங்காதுங்க."

"எனக்கு இறங்கும்" என்றான் பெயிண்டர். "நானே அனுப்பறேன். பாவம் என் தலையில வந்து விடியட்டும்."

மணி நாலேகால். மேலாளரின் எண்ணை எடுத்தான். படத்தை இணைத்தான். கீழே இரண்டு வரி எழுத ஆரம்பித்தான். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி. அவள் தடுக்கவில்லை. தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் தடுக்கவில்லை. வேண்டாமென்றும் சொல்லத் தோன்றவில்லை, அனுப்பு என்றும் வாய் வரவில்லை.

அப்போது அந்தப் போன் அடித்தது. சோடாபுட்டி. அவளோடு வேலை பார்க்கிறவர், ஐம்பது வயது, தடித்த கண்ணாடி. அவள் நின்றதிலிருந்து அந்தத் தெருக்களும் அவர் தலையில்தான். பெயிண்டர் எரிச்சலோடு எடுத்து, போனைக் கட்டிலில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டான்.

"வீட்டம்மா போன் அணைஞ்சு கிடக்கு, அதான் உனக்கு அடிச்சேன்யா. அவங்க லைன்ல நாலாவது மாடில ஒரு வீடு. கடிகாரப் பெட்டி. கதவத் தட்டினேன். ஒரு பொண்ணு தெறந்து பெட்டியப் பாத்துச்சு. பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துருச்சுய்யா."

பெயிண்டர் போனின் சத்தத்தைக் கூட்டினான்.

"இருக்கியா? வாங்கவும் மாட்டேங்குது, வேணாம்னும் சொல்ல மாட்டேங்குது. கையை மடியில வெச்சுக்கிட்டு பெட்டியவே பாத்துக்கிட்டு இருக்கு. உடம்பு கிடம்பு சரியில்லையா, ஒண்ணும் புரியல. எனக்கு இன்னும் நாப்பது பொட்டலம் கிடக்கு. வாசல்ல வெச்சுட்டுப் போட்டோ எடுத்துட்டு இறங்கவா?"

பெயிண்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் திரையில் பாதி எழுதிய வரி, அதற்கு மேல் அந்தக் கை. அவனும் இப்படித்தான் சாரத்துக்கடியில் தரையில் உட்கார்ந்திருந்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வலிகூட தெரியாமல், ஆள் வரட்டும் என்று. அதை நினைத்தானோ, வேறெதை நினைத்தானோ, எனக்குத் தெரியாது. ஆள் முகம் பார்த்துச் சொல்கிற வித்தையெல்லாம் அன்றைக்கு எனக்குக் கைவிட்டுப் போயிருந்தது.

"போட்டோ எடுத்துட்டியா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"எடுக்காத. பெட்டியத் தூக்கிட்டு இறங்கு."

"இறங்கிட்டு என்னன்னு போட? வீடு பூட்டியிருந்துச்சுன்னு போடவா?"

"யோவ்!" என்று பதறினான் பெயிண்டர். "பூட்டியிருந்துச்சுன்னு மட்டும் போட்டுராத. அவ புருஷனுக்குச் செய்தி போகும். எங்க போனேன்னு அவளத்தான் கேப்பான். விலாசம் கிடைக்கலைன்னு போடு."

"என்னய்யா கூத்து இது? விலாசத்துல நின்னுக்கிட்டுதானே பேசறேன்?"

"உனக்குத்தான் கண்ணு தெரியாதே. கிடைக்கலைன்னு போடு."

பொட்டலக்காரி கண்ணைத் திறந்திருந்தாள்.

"நாளைக்கும் அதே பெட்டி உன் பையிலதான் வரும்" என்று தொடர்ந்தான். "நாளைக்கு வண்டி பஞ்சர்னு போடு. ஞாயிறு கிடையாது. திங்கட்கிழமை மழைன்னு போடு."

"திங்கட்கிழமை மழை பெய்யலைன்னா?"

"உன் கண்ணாடில ஈரம்னு போடு. மூணு தடவை குடுக்க முடியலைன்னா பெட்டி திரும்பிப் போயிரும்ல?"

"போயிரும்."

"திரும்ப அனுப்பச் சொல்லி அவன் சண்டை போட்டு, அது வந்து சேர எத்தனை நாளாகும்?"

"அஞ்சு நாளாவது ஆகும்."

பெயிண்டர் விரல் விட்டு எண்ணினான். சனி, திங்கள், செவ்வாய் என்று உதடு அசைந்தது. வெள்ளியைத் தாண்டியதும் விரலை மடக்கிக்கொண்டான். "போதும்" என்றான்.

"இதுல எனக்கு ஒண்ணும் வம்பு வராதே?"

"வந்தா என் பேரச் சொல்லு. என்ன பண்ணிருவாங்க, என் வேலையப் பிடுங்குவாங்களா?" போனை வாயருகே கொண்டுபோனான். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. பெட்டி வராது, எழுந்து உன் படிப்பப் பாருன்னு. அவ்வளவு சொன்னா போதும்."

அழைப்பைத் துண்டித்தான். எழுதியிருந்த வரியை அழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

அவள் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கவிழ்ந்திருந்த போனைத் தள்ளி வைத்தாள். அவன்தான், "கடையிலயே போய் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்ட மாட்டானா அவன்?" என்றான்.

"மாட்டினாலும் மாட்டுவான்" என்றாள்.

"மாட்டட்டும். நாம சுமந்துட்டுப் போய்க் குடுக்க வேணாம்."

அணைத்து வைத்திருந்த தன் போனை அவள் போட்டாள். ஐந்து அடித்து ஏழு நிமிஷத்தில் செய்தி வந்தது. ஐடி முடக்கப்பட்டது, வண்டிப் பையையும் சட்டையையும் திங்கட்கிழமை ஒப்படைக்கவும். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பார்க்கவில்லை.

"தட்டு எடு. அண்ணனுக்கும் போடு" என்றான்.

எனக்குப் பசியில்லை என்று சொல்லப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. சோறு சில்லிட்டுப் போயிருந்தது. முட்டையில் உப்பு தூக்கல். மூன்று பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம். அடுத்த மாதம் என்ன செய்யப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்தும் சோறு இறங்கத்தான் செய்தது. பெயிண்டர் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டான்.